புள்ளி குறைந்த பிள்ளைகளை வெளியே அனுப்பாதீர்கள்: ஆலயக் கல்விக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆலயத் தலைவர் அவர்களுக்கும் கல்விக் குழுப் பொறுப்பாளர்களுக்கும்,

கடந்த வெள்ளிக்கிழமை இரவு பெற்றோர் புலனக் (வாட்ஸ்அப்) குழுவில் ஓர் அறிவிப்பைப் போட்டீர்கள். ஆண்டு நடுவில் பள்ளிகள் நடத்திய தேர்வில் மூன்று பாடங்களிலோ அதற்கு மேலோ 40 புள்ளியை எட்டாத, இடைநிலைப்பள்ளியின் நான்காம், ஐந்தாம் படிவ மாணவர்கள் இனி ஆலய மண்டபத்து மாலை வகுப்புக்கு வர வேண்டாம் என்றும், அந்த இடங்கள் முயற்சியுள்ள மாணவர்களுக்கு ஒதுக்கப்படும் என்றும் அதில் சொல்லியிருந்தீர்கள். கீழே பட்டியல்: பெயர், படிவம், தவறிய பாடங்கள், அவற்றில் வாங்கிய புள்ளிகள். என் மகன் பெயரும் அதில் இருந்தது. அந்தக் குழுவைப் பெற்றோர் மட்டும் பார்ப்பதில்லை என்பது உங்களுக்கே தெரியும். பாதி வீடுகளில் தாயின் கைப்பேசியைத்தான் பிள்ளைகளும் எடுத்துப் பார்க்கிறார்கள். நான் வேலை முடிந்து பிறை தொழிற்பேட்டையிலிருந்து வீடு வந்து சேர்வதற்குள் அந்தப் பட்டியல் அவனுடைய வகுப்புக் கூட்டாளிகள் வரை போய்விட்டது.

இந்த முடிவை என்னால் ஏற்க முடியாது. பட்டியல் எல்லார் முன்னிலையிலும் வந்ததால் என் மறுப்பும் எல்லார் முன்னிலையிலும் இருக்கட்டும் என்று இதை எழுதுகிறேன். ஆலயத்தின் பெயரையோ உங்கள் பெயர்களையோ எங்கும் குறிப்பிடவில்லை. பெயர் வெளியே போனால் எப்படி வலிக்கும் என்பதை எங்கள் வீடு இப்போது நன்றாக அறியும்.

முயற்சி இல்லாதவன் என்று என் மகனை எதை வைத்து முடிவு செய்தீர்கள்? பட்டியலில் அவனுக்கு அறிவியல் 36, கணிதம் 38, வரலாறு 31. உண்மைதான். சென்ற ஆண்டு மூன்றாம் படிவ இறுதியில் அதே பாடங்களில் அவன் வாங்கியது 19, 23, 22. இந்த எண்களையும் உங்கள் வகுப்புப் பதிவேட்டில்தான் எழுதி வைத்திருக்கிறீர்கள். ஒரு பக்கம் முன்னால் புரட்டியிருந்தால் தெரிந்திருக்கும். அவனை இவ்வளவு தூரம் மேலே கொண்டு வந்தது உங்கள் மண்டபத்து வகுப்புதான். ஏறிக்கொண்டிருக்கும் பிள்ளையைப் பாதி வழியில் இறக்கிவிட்டு, முயற்சி போதாது என்று எழுதியிருக்கிறீர்கள்.

அவன் எப்படிச் சரிந்தான் என்பதைச் சொல்கிறேன். பட்டியலில் உள்ள பலருடைய கதையும் ஏறக்குறைய இதுவே.

கோவிட் பரவலால் 2020 மார்ச் 18ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்து பள்ளிகள் மூடப்பட்டபோது அவன் தமிழ்ப்பள்ளியில் நான்காம் ஆண்டில் இருந்தான். வீட்டில் இணைய வசதியோடு இருந்தது ஒரே கைப்பேசி. லோரி ஓட்டும் அவன் அப்பா அதை எடுத்துக்கொண்டு விடியற்காலையில் கிளம்பிவிடுவார். அந்த ஆண்டு கல்வி அமைச்சு பெற்றோரிடம் எடுத்த கணக்கெடுப்பில் 36.9 விழுக்காட்டு மாணவர்களிடம் இணையவழிப் படிப்புக்கு எந்தக் கருவியும் இல்லை என்று தெரியவந்தது. எங்கள் வீடு அந்தக் கணக்கில் கூட வந்திருக்காது. மாலை ஏழு மணிக்கு மேல் எங்களிடம் கருவி இருந்ததே! பின்னமும் விழுக்காடும் ஊன்றிப் படிக்க வேண்டிய இரண்டு ஆண்டுகள் விட்டு விட்டு நடந்தன. பள்ளி திறந்தபோது அடுத்த பாடத்திலிருந்து தொடர்ந்தார்கள். விட்டுப்போனதைத் திரும்ப எடுக்க யாருக்கும் நேரம் இருக்கவில்லை.

அது யார் கண்ணிலும் படவில்லை. தொடக்கப்பள்ளி ஆறாம் ஆண்டில் எழுதும் யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2019க்குப் பிறகு நடக்கவில்லை. 2021இல் அதை முற்றாக எடுத்துவிட்டதாக அறிவித்தார்கள். மூன்றாம் படிவத்தில் எழுதும் பி.டி.3 தேர்வும் 2022இல் எடுக்கப்பட்டது. சிறு பிள்ளைகளைத் தேர்வால் வதைக்க வேண்டாம் என்ற நோக்கத்தில் எனக்குக் குறை இல்லை. ஆனால் இந்த வயதுப் பிள்ளைகள் எழுதப்போகும் முதல் அரசாங்கத் தேர்வே ஐந்தாம் படிவ முடிவில் வரும் எஸ்.பி.எம். என்று ஆகிவிட்டது. நடுவில் வருவது வகுப்பறை மதிப்பீடு: 1 முதல் 6 வரை அடைவுநிலை. 3 என்று போட்டிருந்தால் குறைந்தபட்சம் தேறிவிட்டான் என்று பெற்றோர் நிம்மதி அடைகிறோம். ஆண்டிறுதித் தேர்வின் முடிவு கைக்கு வரும்போது பள்ளி விடுமுறை வந்துவிடுகிறது. உட்கார்ந்து பேச ஆசிரியர் கிடைப்பதில்லை. ஆக, பிள்ளை எந்த இடத்தில் தடுக்கி விழுந்தான் என்று பார்க்கக்கூடிய ஒரே இடமாக எங்களுக்கு இருந்தது உங்கள் வகுப்பு.

இடைநிலைப்பள்ளிக்குப் போனதும் மொழி மாறியது. ஆறு ஆண்டுகள் தமிழில் அறிவியலும் கணிதமும் படித்தவன், ஒரு விடுமுறை கழிந்ததும் எல்லாவற்றையும் மலாயில் படிக்க வேண்டும். மலாய் மிகவும் பலவீனமாக இருந்தால் புகுமுக வகுப்பில் ஓராண்டு இருந்து தேறிக்கொள்ளலாம். என் மகனின் மலாய் புகுமுக வகுப்புக்குப் போகும் அளவுக்கு மோசமும் இல்லை, அறிவியல் பாடநூலைத் தனியாக வாசித்து விளங்கிக்கொள்ளும் அளவுக்குத் தேர்ச்சியும் இல்லை. இப்படி நடுவில் நிற்கும் பிள்ளைகள்தான் சத்தமில்லாமல் பின்தங்குகிறார்கள் என்பது என் கணிப்பு. முதல் படிவத்தில் அவன் வகுப்பில் எழுந்து சந்தேகம் கேட்டதுண்டு. ஒரு நாள் அவன் மலாய் உச்சரிப்பைக் கேட்டுப் பின்வரிசை சிரித்தது. அதற்குப் பிறகு கேட்பதில்லை.

மூன்றாம் படிவத்தில் ஞாயிற்றுக்கிழமை இரவானால் வயிற்றுவலி. தேர்ச்சி அறிக்கை மெத்தைக்கு அடியில் கிடந்தது. சாப்பாட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு அறைக்குப் போய்விடுவான். சொந்தக்காரர்கள் சோம்பேறி என்றார்கள். ஆனால் பெற்றவளுக்குத் தெரியும், அவன் வெட்கத்தில் ஒடுங்கிப் போயிருந்தான். புள்ளி சரிந்த பிள்ளை முதலில் இழப்பது பாடத்தை அல்ல, கேட்கும் தைரியத்தை. அதைத் திருப்பிக் கொடுக்காமல் எத்தனை பயிற்சிப் புத்தகம் வாங்கிக் கொடுத்தாலும் அட்டை கசங்காமல் அப்படியே இருக்கும்.

உங்கள் மண்டபத்தில் அவனுக்கு அது எப்படித் திரும்பக் கிடைத்தது என்று உங்களில் பலர் பார்த்திருக்க வாய்ப்பில்லை. நான் பார்த்தேன். அன்று சமையற்கட்டில் பிள்ளைகளுக்கு மைலோ கலக்கிக்கொண்டிருந்தேன். நிபோங் திபாலில் உள்ள யூ.எஸ்.எம். (மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம்) பொறியியல் வளாகத்திலிருந்து சனிக்கிழமைகளில் பாடம் சொல்ல வரும் தம்பி, என் மகனுடைய கணிதத் தாளை வாங்கினார். மேலே வட்டமிட்டிருந்த புள்ளியை உள்ளங்கையால் மறைத்துக்கொண்டு, தவறிய கேள்விகளை ஒவ்வொன்றாகக் கேட்டார். பாடமே தெரியாமல் தவறியதற்குச் சிவப்புப் பேனா. தெரிந்தும் அவசரத்தில் தவறியதற்குப் பச்சை. கேள்வி புரியாமல் விட்டதற்கு நீலம். பார்த்துக்கொண்டிருக்கும்போதே தாள் முழுக்க நீலமாகிவிட்டது. கடைக்காரர் ஒருவர் 20 விழுக்காடு கழிவு கொடுத்து ஒரு பையை 96 வெள்ளிக்கு (ரிங்கிட்) விற்கிறார், கழிவுக்கு முந்தைய விலை என்ன என்பது ஒரு கேள்வி. பள்ளியில் அதற்கு அவன் வாங்கியது சுழியம். தம்பி அதைத் தமிழில் சொன்னதும் என் மகன் ஒரு நிமிடம் மேலே சுற்றிக்கொண்டிருந்த காற்றாடியைப் பார்த்துவிட்டு, "நூற்றிருபது" என்றான். பென்சிலைக் கூடத் தொடவில்லை.

அந்தத் தம்பிக்குச் சம்பளம் கிடையாது. கொடுப்பது பெட்ரோல் காசு, அதையும் பல நேரம் வாங்கமாட்டார். ஆனால் அவர் செய்த வேலை எந்தக் கட்டண வகுப்பிலும் நடந்திருக்காது. தேர்வுத் தாள்களில் திரும்பத் திரும்ப வரும் ஹித்துங் (கணக்கிடு), தெராங்கான் (விளக்கு), பண்டிங்கான் (ஒப்பிடு) போன்ற மலாய் ஏவல் சொற்களை ஒரு சிறு குறிப்பேட்டில் எழுதவைத்தார். ஒவ்வொன்றும் வந்தால் விடையில் என்ன இருக்க வேண்டும் என்று பக்கத்திலேயே தமிழில் ஒரு வரி. பின்னம் தெரியாமல் நான்காம் படிவக் கணிதம் ஏறாது என்று கண்டுபிடித்து, ஐந்தாம் ஆண்டுப் பயிற்சித்தாள்களை அச்செடுத்து வந்தார். மற்ற பிள்ளைகள் பார்த்தால் கூசுவான் என்று அவற்றை நான்காம் படிவக் கோப்புக்குள் வைத்துக் கொடுத்தார். இலக்காக அவர் வைத்தது 40ஐ அல்ல. போன தேர்வைவிட ஐந்து புள்ளி கூட வந்தால் போதும் என்றார். ஐந்து புள்ளி என்றால் என் மகனால் நினைத்துப் பார்க்க முடிந்தது.

வீட்டில் நாங்களும் சிலவற்றை மாற்றினோம். இரவு பத்து மணிக்குக் கைப்பேசிகள் எல்லாம், எங்களுடையவையும் சேர்த்து, வரவேற்பறை மேசைக்கு வந்துவிடும். இந்த வயதுப் பிள்ளைகளுக்கு எட்டு முதல் பத்து மணி நேரத் தூக்கம் வேண்டும் என்கிறார்கள் மருத்துவர்கள். காலை ஆறு மணிக்குப் பள்ளி வேனுக்கு நிற்பவனுக்கு அது எளிதில் கிடைப்பதில்லை. பந்து விளையாட்டை நிறுத்தவில்லை; அவன் சிரித்து நான் பார்த்தது அங்கேதான். எத்தனை புள்ளி என்று கேட்பதை விட்டுவிட்டு, இன்று எது புரியவில்லை என்று கேட்டோம். முதலில் "ஒன்றும் இல்லை" என்பான். போகப் போகப் பாடநூலை எடுத்துக்கொண்டு அடுக்களைக்கே வந்து, "இந்த வரி, அம்மா" என்று விரல் வைத்துக் காட்ட ஆரம்பித்தான். எனக்கும் எல்லாம் தெரிவதில்லை. தெரியாததைக் குறித்து வைத்துச் சனிக்கிழமை அந்தத் தம்பியிடம் கேட்பான். சனிக்கிழமை என்று ஒன்று இருந்ததால்தான் மற்ற நாள்களும் நகர்ந்தன.

அறிவிப்பு வந்த மறுநாள், அலமாரிக் கதவில் தானே ஒட்டியிருந்த படிப்பு அட்டவணையைக் கிழித்துவிட்டான். ஏன் என்று கேட்டதற்கு, "நான் போனால் படிக்கிற பையன் ஒருவனுக்கு இடம் போகிறதாம், அம்மா" என்றான். கோபமாகச் சொல்லியிருந்தால் கூட ஆறுதலாக இருந்திருக்கும். ஒப்புக்கொண்டவன் போலச் சொன்னான்.

சுகாதார அமைச்சு 2022இல் நடத்திய இளையோர் சுகாதார ஆய்வில், இடைநிலைப்பள்ளி வயதுப் பிள்ளைகளில் ஏறக்குறைய நால்வரில் ஒருவருக்கு மனச்சோர்வு இருப்பதாகவும், பத்தில் ஒருவர் தற்கொலைக்கு முயன்றிருப்பதாகவும் தெரியவந்தது. மிரட்டுவதற்காக இதை எழுதவில்லை. என் மகனைப் பள்ளி ஆலோசக ஆசிரியரிடம் அழைத்துப் போயிருக்கிறோம், அவன் பேசுகிறான், வீட்டில் அவனை யாரும் தனியாக விடுவதில்லை. ஆனால் உங்கள் பட்டியலில் உள்ள மற்ற பிள்ளைகளின் வீட்டில் அந்த இரவு என்ன நடந்தது என்று குழுவில் யாராவது ஒருவர் விசாரித்தீர்களா? பிரம்பு எடுத்த வீடுகளும் உண்டு என்று கேள்விப்படுகிறேன். பொதுவில் ஒரு பிள்ளையின் தோல்வியை அறிவிப்பவருக்கு, அந்தப் பிள்ளை அன்றிரவு தூங்கினானா என்று கேட்கும் பொறுப்பும் சேர்ந்தே வருகிறது.

பட்டியலில் ஐந்தாம் படிவப் பெண்பிள்ளை ஒருத்தி இருக்கிறாள். யார் என்று உங்களுக்குத் தெரியும், ஊருக்குத் தெரிய வேண்டாம். அவள் அம்மாவுக்கு இரவு வேலை. தம்பி தங்கைகளுக்குச் சமைத்துப் போட்டு, தூங்கவைத்து, காலையில் பள்ளிக்குக் கிளப்பிவிடுவது அவள்தான். அவள் புள்ளி எப்போது சரிந்தது என்று பார்த்தால் அம்மா இரவு வேலைக்கு மாறிய மாதம் தெரியும். வகுப்புக்கு அரை மணி நேரம் முன்னதாக வந்து பாய் விரித்துப் போடுவாள். முதல் படிவப் பிள்ளைகளுக்கு மலாய் வாசிக்கச் சொல்லிக் கொடுப்பதும் அவள்தான். பலவீனமான மாணவர்கள் மற்றவர்களின் கவனத்தைக் கெடுக்கிறார்கள் என்று குழுவில் ஒருவர் என்னிடம் தொலைபேசியில் சொன்னார். இந்தப் பிள்ளை யாருடைய கவனத்தைக் கெடுத்தாள் என்று அவர் விளக்கினால் நன்றாக இருக்கும். இன்னொரு பையன் வார இறுதிகளில் கார் கழுவும் கடையில் வேலை செய்துவிட்டு ஈரச் சட்டையோடு வகுப்புக்கு வருகிறவன். முயற்சி என்று எதைச் சொல்கிறீர்கள் என்று எனக்கு உண்மையிலேயே புரியவில்லை.

நீங்கள் சொல்லும் காரணங்களை நான் அலட்சியம் செய்யவில்லை. ஆசிரியர்கள் குறைவு, மண்டபத்தில் இடம் குறைவு, நன்கொடையாளர்கள் தேர்ச்சியைக் கேட்கிறார்கள் என்கிறீர்கள். ஒவ்வொன்றும் உண்மையாகவே இருக்கட்டும். குறைவாக இருக்கும் ஓர் ஆசிரியரின் ஒரு மணி நேரத்தை யாருக்குக் கொடுப்பது என்பதுதானே கேள்வி?

எஸ்.பி.எம். சான்றிதழ் கையில் கிடைக்க மலாய்மொழியில் தேற வேண்டும். 2013 முதல் வரலாற்றிலும் தேற வேண்டும். இரண்டில் ஒன்று போனாலும், மற்ற பாடங்களில் எத்தனை ஏ வாங்கினாலும் சான்றிதழ் இல்லை. வரலாற்றில் 31இல் நிற்கும் என் மகனுக்கு உங்கள் வகுப்பு என்பது சான்றிதழ் உண்டா இல்லையா என்ற கேள்வி. 85இல் நிற்கும் பிள்ளைக்கு அது ஏ கிடைக்குமா, ஏ பிளஸ் கிடைக்குமா என்ற கேள்வி. அந்தப் பிள்ளையும் நம் பிள்ளைதான், அவனும் படிக்கட்டும், அவன் இடத்தை நான் கேட்கவில்லை. ஆனால் ஒருவரை விட்டால்தான் இன்னொருவர் என்ற நிலை வந்தால், சான்றிதழே இல்லாமல் போகக்கூடியவனை முதலில் கைவிடுவது நியாயமா? பல்கலைக்கழகம் போகாத பிள்ளைக்கும் வழிகள் இருக்கின்றன. நிபோங் திபாலில் ஆறுமுகம் பிள்ளை பெயரில் தொழிற்பயிற்சிக் கழகம் இருக்கிறது. பாயான் லெப்பாசில் 1989 முதல் பினாங்கு திறன் மேம்பாட்டு மையம் இயங்குகிறது. அங்கெல்லாம் போய்ப் பிழைத்துக்கொள்ளவும் ஒரு சூத்திரத்தைப் படித்துப் பொருத்தத் தெரிய வேண்டும், மலாயில் எழுதிய கையேட்டை வாசிக்கத் தெரிய வேண்டும். உங்கள் மண்டபத்தில் அவன் கற்றுக்கொண்டிருந்தது அதைத்தான்.

பள்ளிகளுக்குச் சராசரித் தரம் என்ற ஒரு நெருக்கடி இருக்கிறது. எஸ்.பி.எம்.மில் ஏ பிளஸுக்குச் சுழியம், தவறினால் ஒன்பது என்று கணக்கிட்டு, சராசரி எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு நல்ல பள்ளி என்கிறார்கள். அதனால் பலவீனமான பிள்ளைகள் சில பள்ளிகளுக்குச் சுமையாகத் தெரிகிறார்கள். அது எனக்கு உடன்பாடில்லை என்றாலும், அமைச்சுக்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் என்று எண்ணிக்கொள்வேன். ஆலயத்திடம் சராசரி கேட்டவர் யார்? பாராட்டு விழா மேடையில் எத்தனை பிள்ளைகள் நிற்கிறார்கள் என்பதைத் தவிர வேறு எந்தக் கணக்குக்காக இந்த முடிவு?

நன்கொடையாளர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். சென்ற ஆண்டு நடந்த நிதி திரட்டும் விருந்தில் நானும் பரிமாறினேன். பாதியில் படிப்பை விடும் இந்தியப் பையன்களைப் பற்றியும், குண்டர் கும்பல்கள் அவர்களை இழுத்துக்கொள்வதைப் பற்றியும் மேடையில் உருக்கமாகப் பேசினீர்கள். சொன்னது அத்தனையும் சரி. மக்கள் கண் கலங்கி எழுந்து கொடுத்தார்கள். நான் வேலை செய்யும் தொழிற்சாலையில் இருந்தும் சிலர் கொடுத்தார்கள். அவர்கள் கொடுத்தது ஏற்கனவே ஏ வாங்கும் பிள்ளைக்கு மேலும் ஓர் ஏ சேர்க்க அல்ல. எந்தப் பிள்ளைகளைக் காட்டிக் கேட்டீர்களோ, அந்தப் பிள்ளைகளைத்தான் இப்போது வாசலுக்கு வெளியே நிறுத்தியிருக்கிறீர்கள்.

கட்டணம் கட்டி வெளியே படிக்கவைக்கலாமே என்றும் ஒருவர் சொன்னார். எங்கள் பகுதியில் ஒரு பாடத்துக்கு மாதம் ஐம்பது, அறுபது வெள்ளி கேட்கிறார்கள். நான்கு பாடம், இரண்டு பிள்ளைகள் என்று போட்டுப் பாருங்கள். நாட்டின் குறைந்தபட்சச் சம்பளமே 1,700 வெள்ளி. அது முடிந்திருந்தால் இந்த மடலுக்கே அவசியம் இருந்திருக்காது.

என் கோரிக்கைகளைச் சொல்கிறேன்.

வெள்ளிக்கிழமை அறிவிப்பைத் திரும்பப் பெறுங்கள். புலனக் குழுவிலிருந்து பட்டியலை நீக்குங்கள். அதே குழுவில், அதே இடத்தில், திரும்பப் பெற்றதை எழுதுங்கள். பட்டியலில் இருந்த ஒவ்வொரு பிள்ளையையும் குழுவில் ஒருவர் வீட்டுக்குப் போய் நேரில் பார்த்து, திரும்பி வரும்படி அழைக்க வேண்டும். பெற்றோரிடம் சொல்லி அனுப்புவது போதாது. பிள்ளையின் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும். வரும் சனிக்கிழமை வகுப்புக்கு முன்பாகவே இது நடக்க வேண்டும். ஒவ்வொரு வாரமும் விட்டுப்போகப் போக, திரும்பி வருவது அவர்களுக்குக் கடினமாகிவிடும்.

இனி எந்த மாணவரின் புள்ளியும் பொதுவில் வெளியிடப்படாது என்று எழுத்து மூலம் விதியாக்குங்கள். புள்ளியை வைத்து யாரையும் வகுப்பிலிருந்து நீக்குவதில்லை என்பதையும் அந்த விதியில் சேருங்கள். ஒழுங்கீனம் என்றால் பேசலாம், பெற்றோரை அழைக்கலாம், அதில் எனக்கு ஆட்சேபமில்லை.

இட நெருக்கடிக்கு: நான்காம், ஐந்தாம் படிவங்களை வெவ்வேறு நாள்களில் வையுங்கள். வியாழன் மாலைகளில் மண்டபம் காலியாக இருக்கிறது. ஆசிரியர் பற்றாக்குறைக்கு: பெற்றோரில் தொழில்நுட்பம் படித்தவர்கள், ஓய்வு பெற்ற ஆசிரியர்கள், எங்கள் தொழிற்சாலைகளில் வேலை செய்யும் இளம் பொறியாளர்கள் இருக்கிறார்கள். நீங்கள் அழைத்ததே இல்லை. பெயர்களைத் திரட்டித் தரும் வேலையை நான் ஏற்றுக்கொள்கிறேன். மலாய் வாசிப்புக்கென்று தனியாக ஒரு மேசை போடுங்கள். என் கண்ணுக்குத் தெரிந்த வரையில் பாதிப் பிள்ளைகளின் சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது. புதிதாகச் சேரும் ஒவ்வொரு பிள்ளையின் தாளையும் அந்தத் தம்பி பார்த்ததுபோல் ஒருமுறை உட்கார்ந்து பாருங்கள்.

பாராட்டு விழாவில் ஏ எண்ணிக்கையோடு, ஓராண்டில் அதிகம் முன்னேறிய பிள்ளைகளுக்கும் மேடையில் இடம் கொடுங்கள். 19இலிருந்து 36க்கு வந்தவனுக்கும் மாலை போடலாம்.

கடைசியாக, இதைப் பற்றிப் பேசப் பெற்றோர் கூட்டம் ஒன்றைக் கூட்டுங்கள். வேலைநாள் மாலை ஐந்து மணிக்கு வைத்தால் பாதிப் பேர் வர முடியாது. ஞாயிற்றுக்கிழமை காலைப் பூசை முடிந்ததும் மண்டபத்திலேயே வையுங்கள், ஷிப்ட் வேலை செய்பவர்களும் வருவார்கள். கூட்டத்தின் தேதியையும் அறிவிப்பு திரும்பப் பெறப்பட்டதா என்பதையும் இம்மாத இறுதிக்குள் ஆலய அறிவிப்புப் பலகையில் எழுத்து மூலம் தெரிவிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
நான்காம் படிவ மாணவன் ஒருவனின் தாய்,
செபெராங் பிறை, பினாங்கு